தடை வந்த தேதி

அரசு உத்தரவு எதுவானாலும் அதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று உள்ளே எழுதியிருக்கும் விஷயம். மற்றொன்று மேலே போட்டிருக்கும் தேதி. விஷயத்தைப் பற்றித்தான் எல்லாரும் வாதம் செய்வார்கள். தேதியை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கோப்புகளோடு காலம் கழித்த எழுத்தன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: பாதி சங்கடம் தேதியில்தான் இருக்கிறது. "நடத்தக் கூடாது" என்று எட்டு மாதம் முன்னால் சொன்னால் அது ஒரு தடை. அதையே மூன்று நாள் முன்னால் சொன்னால் அதன் பெயர் வேறு.

2016ஆம் வருடப் பொங்கலை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஜல்லிக்கட்டு என்றதும் நம் ஆட்களுக்கு 2017 மெரினாதான் ஞாபகம் வரும். அந்தக் கூட்டத்தின் வேர் அதற்கு ஒரு வருடம் முன்பு, ஜனவரியில் ஒரு நான்கு நாட்களுக்குள் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

நான் பிறந்தது, படித்தது, உத்தியோகம் பார்த்தது எல்லாம் பாண்டிச்சேரி. அங்கே வாடிவாசலும் கிடையாது, ரேக்ளாவும் கிடையாது. ஓய்வு பெற்று மனைவியின் ஊரான வெள்ளகோவிலுக்கு வந்த பிறகுதான் மாடு என்பது ஒரு வீட்டின் வரவு செலவில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தேன். அதனால் வெளியிலிருந்து வந்தவன் கண்ணோடுதான் இதைச் சொல்ல முடியும்.

முதலில் வழக்கின் கதை. பலருக்குத் தெரியாத ஒன்று, இது ஜல்லிக்கட்டில் தொடங்கிய வழக்கே அல்ல. நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பிரியமான ரேக்ளாவில் தொடங்கியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒருவர் கோயில் திருவிழாவுக்கு ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி, ரேக்ளா மட்டுமல்ல, ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் எல்லாமே கூடாது என்று தீர்ப்பளித்தார். அனுமதி கேட்கப் போன இடத்தில் ஊருக்கெல்லாம் தடை வாங்கி வந்த கதை. 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2009இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பழக்கிக் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. சிங்கம், புலி, கரடி, குரங்கு இருந்த பட்டியலில் நம் காளையும் போய் உட்கார்ந்துகொண்டது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும், 2009ஆம் வருடச் சட்டத்தை ரத்து செய்து ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடை செய்தார்கள்.

இங்கேதான் தேதியைப் பார்க்க வேண்டும். மே மாதம். அடுத்த பொங்கலுக்கு எட்டு மாதம் இருந்தது. கோபம் இருந்தது, கூட்டம் போட்டார்கள், டில்லிக்கு மனு அனுப்பினார்கள். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு குடும்பம் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். காளையை விற்க நினைத்தவர் விற்றார். வைத்துக்கொள்ள முடிந்தவர் வைத்துக்கொண்டார். விழாக் கமிட்டிகள் வசூலுக்குப் போகவில்லை. 2015 பொங்கலுக்கு அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கவில்லை. ஊர் மனதுக்குள் புழுங்கியது. ஆனால் வெடிக்கவில்லை.

பிறகு வந்தது 2016. ஜனவரி 8, வெள்ளிக்கிழமை. மத்திய அரசு 7ஆம் தேதியிட்ட புதிய அறிவிக்கையை வெளியிட்டது. காளை பட்டியலில் இருக்கும், ஆனால் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களுக்கும் விலக்கு உண்டு என்றது. நிபந்தனைகளும் இருந்தன. வாடிவாசலை விட்டு வந்த காளையை 15 மீட்டர் சுற்றளவுக்குள் அணைய வேண்டும்; வண்டிப் பந்தயத் தடம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது; இப்படி. தமிழ்நாடு முழுக்கப் பட்டாசு வெடித்தார்கள்.

அந்த வருடம் பொங்கல் ஜனவரி 15. அவனியாபுரத்துக்குத் தை முதல் நாள், பாலமேட்டுக்கு இரண்டாம் நாள், அலங்காநல்லூருக்கு மூன்றாம் நாள் என்பது பழைய கணக்கு. அதாவது கையில் இருந்தது ஒரே வாரம். ஒரு வாரத்தில் ஒரு ஜல்லிக்கட்டை எழுப்புவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வாடிவாசலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையில் இரட்டைத் தடுப்பு, மேலே உட்காரும் மேடை. காளை வந்து விழும் இடத்தில் தென்னை நார் பரப்ப வேண்டும். கால்நடை மருத்துவர், மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ். பரிசுக்கு அண்டா, கட்டில், பீரோ, சைக்கிள், தங்கக் காசு. இத்தனைக்கும் முன்பணம் கொடுத்தாக வேண்டும். காளை வைத்திருந்தவர் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம் என்று தீனியை ஏற்றினார். மண் குத்த விட்டார், கண்மாயில் நீச்சல் விட்டார். இரண்டு வருடம் கயிற்றில் நின்ற மாட்டைச் சில நாட்களில் தயார் செய்ய வேண்டுமே. லாரிக்குச் சொல்லி வைத்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் போன் போயிற்று.

ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் என்.வி. ரமணாவும் அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தார்கள். அவனியாபுரம் வாடிவாசல் திறக்க மூன்று நாள் இருந்தது.

விழா நின்றது. ஆனால் செலவு நின்றதா? செலவு செய்தாகிவிட்டதே. கட்டிய பந்தலைப் பிரிக்கவும் கூலி கொடுக்க வேண்டும். என் பழைய உத்தியோகப் பாஷையில் கேட்டால், இந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது? மத்திய அரசின் கணக்கிலா, மாநில அரசின் கணக்கிலா, வழக்குப் போட்டவர் கணக்கிலா? எதிலும் எழுத முடியாது. கமிட்டிக்காரர், மாட்டுக்காரர், பந்தல்காரர், பலூன் விற்கிறவர், கரும்புச்சாறு மெஷினை வாடகைக்கு எடுத்தவர் ஆகியோரின் சொந்தக் கணக்கில் அது விழுந்தது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவசரச் சட்டம் கேட்டு பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அது வரவில்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் கறுப்புக் கொடி ஏற்றினார்கள். சில கிராமங்களில் தடையை மீறிக் காளையை அவிழ்த்து விட்டார்கள்.

போட்டி நிற்பது உலகத்தில் எங்கும் நடப்பதுதான். ஆனால் நின்றால் யார் தாங்குவது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். 2020இல் கொரோனாவால் விம்பிள்டன் டென்னிஸ் நின்றது. ஏப்ரல் 1ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். போட்டி ஜூன் கடைசியில். அது மட்டுமல்ல, அந்தக் கிளப் பல வருடமாகத் தொற்றுநோய்க்கும் சேர்த்துக் காப்பீடு கட்டி வந்தது. 10 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. நம் ஊரிலேயே பாருங்கள். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் 10ஆம் தேதி ஐ.பி.எல். ஆட்டம் ஒன்று நடந்தது, மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. சென்னை அணியின் மீதி ஆறு உள்ளூர் ஆட்டங்களையும் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டார்கள். அதற்கு விசில்போடு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்த வருடக் கோப்பையும் சென்னைக்குத்தான். பெரிய பணம் இருக்கும் இடத்தில் ஆட்டம் இடம் மாறும், சாவதில்லை. பாலமேட்டு வாடிவாசலைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு உதாரணமும் ஞாபகம் வரும். தெற்குப் பிரான்ஸில் அவிஞோன் என்று ஒரு பழைய நகரம். 1947இல் ழான் விலார் என்ற நாடகக்காரர் அங்கே ஒரு கோடை நாடக விழாவைத் தொடங்கினார். ஐரோப்பாவிலேயே பெரிய நாடக விழாக்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2003 ஜூலையில், வேலையில்லாக் காலப் படியைக் குறைத்ததை எதிர்த்து நாடகக் கலைஞர்களும் மேடைத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். விழா தொடங்க வேண்டிய நேரத்தில், ஜூலை 10 அன்று, அந்த வருட விழா ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். கலைஞர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தை நம்பி வருடம் ஓட்டும் விடுதிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், தங்கள் கைக்காசைப் போட்டு வந்திருந்த சின்ன நாடகக் குழுக்கள் ஆகியோர் மேலும் அடி விழுந்தது. நியாயம் யார் பக்கம் என்பதும் நஷ்டம் யார் தலையில் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்தில் வாடிவாசல் பழைய வழக்கம் அல்ல. கோவை செட்டிபாளையம், திருப்பூர் அழகுமலை ஜல்லிக்கட்டெல்லாம் 2017க்குப் பிறகு பிரபலமானவை. நமக்கு ரேக்ளாதான். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து, வண்டியை ஒவ்வொன்றாக ஓட்டிக் கடிகாரத்தில் நேரம் எடுப்பார்கள். அந்த இடைக்காலத் தடையில் ரேக்ளாவும் சேர்ந்துதான் நின்றது. டில்லிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் மதுரையையே காட்டிக்கொண்டிருந்ததால் நம் பக்கத்து நஷ்டம் செய்தியில் வரவில்லை.

காங்கேயம் காளையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும், காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் கறுக்கும். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல நெற்றையும் தின்று, மழை இல்லாத வருடத்தையும் தாக்குப்பிடிக்கும் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொறுக்கியெடுத்துப் பெருக்கிய இனம் என்று நாடெல்லாம் பேர்.

இந்த இனம் குறைந்ததற்குத் தடைதான் காரணம் என்று 2017இல் மேடைக்கு மேடை பேசினார்கள். அது முழு உண்மை அல்ல. கவலை இறைத்த இடத்தில் மின் மோட்டார் வந்தபோதே காளைக்கு முதல் வேலை போயிற்று. டிராக்டர் வந்தபோது இரண்டாவது வேலை போயிற்று. பார வண்டி ஓடிய ரோட்டில் லாரியும் டெம்போவும் வந்தபோது மூன்றாவது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. இத்தனையும் எந்தக் கோர்ட்டும் சொல்லி நடந்ததல்ல. நாமே செய்துகொண்டது. ஆனால் வேலை எல்லாம் போன பிறகும் ஒருவன் ஒரு காளையைக் காயடிக்காமல், விற்காமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் மிச்சம் இருந்தது. அதுதான் வருடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வரும் பந்தயம். அங்கே ஜெயித்த காளைக்கு மதிப்பு. அதைப் பூச்சிக்காளையாக வைத்துக்கொண்டால் சுற்று வட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் அதன் வாரிசு. ஜல்லிக்கட்டுக்கென்று தென் மாவட்டங்களிலிருந்து வந்து காங்கேயம் காளை வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார். "பாண்டிக்காரரே, இதுக்கு வருசத்துல ஒரு நாள் வேலைங்க, முன்னூத்தி அறுவத்தி நாலு நாள் தீனிங்க. அந்த ஒரு நாளை எடுத்துப்போட்டா மீதி நாளுக்கு நான் என்னன்னு சொல்லித் தீனி போடறதுங்க?" ஒரு பந்தயம் நின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

பிரான்ஸிலும் இப்படி ஒரு மாட்டு நாடு இருக்கிறது. ரோன் நதி கடலில் சேரும் இடத்தில் உள்ள சதுப்பு நிலம், கமார்க் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அல்போன்ஸ் தொதேயின் கட்டுரையில் அந்த ஊரின் பெயரை முதலில் படித்தேன். அங்கே காளையைக் கொல்லாத ஒரு விளையாட்டு உண்டு. காளையின் நெற்றியிலும் கொம்பிலும் சின்ன ரிப்பனும் நூலும் கட்டியிருக்கும். வெள்ளை உடுப்புப் போட்ட இளைஞர்கள் ஓடிவந்து அதைப் பறிக்க வேண்டும். 15 நிமிடம். பிறகு காளை மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். நம் சல்லிக்காசு முடிச்சை அவிழ்ப்பதற்குப் பக்கத்து வீட்டு விளையாட்டு மாதிரி இல்லையா? அங்கே சுவரொட்டியில் ஆளின் பெயரைவிடக் காளையின் பெயர் பெரிதாக இருக்கும். லெ கேலார் என்ற ஊரில், 1933இல் இறந்த ஒரு புகழ்பெற்ற காளைக்கு நினைவுக்கல்லே வைத்திருக்கிறார்கள்.

அதே பகுதியில் காளையைக் கொல்லும் ஸ்பானிய பாணிச் சண்டையும் நடக்கிறது. அதை எதிர்ப்போர் அங்கேயும் நிறைய. பிரெஞ்சுச் சட்டம் அதற்கு வைத்திருக்கும் விதிவிலக்கு விசித்திரமானது. 1850இலேயே வீட்டு விலங்குகளைப் பொது இடத்தில் கொடுமைப்படுத்துவது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். 1951இல், "இடையறாத உள்ளூர் மரபு" இருக்கும் ஊர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2012இல் அரசியல் சட்ட மன்றமும் அதைச் சரி என்றது. "இடையறாத" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஒரு மரபின் உயிர் அது தொடர்ந்து நடப்பதில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. எந்தப் பழக்கத்தையும் மூன்று நான்கு வருடம் அறுத்துப் போட்டால் அதைச் சட்டத்தால் திரும்ப ஒட்டிவிட முடியாது. மாட்டை விற்றிருப்பான், பிள்ளை வேறு வேலைக்குப் போயிருப்பான்.

இதையெல்லாம் சொல்வதால் நீதிபதிகள் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று ஆகாது. வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப் பொடி, சாராயம் ஊற்றுவது என்று கோர்ட்டில் வைத்த அறிக்கைகள் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வருடா வருடம் வீட்டுக்கு ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். முறைப்படுத்த வேண்டிய விஷயம்தான். என் கேள்வி அதன் மேல் அல்ல. 8ஆம் தேதி கொடுத்து 12ஆம் தேதி பிடுங்கிக்கொண்டதன் மேல். கொடுக்காமலே இருந்திருந்தால் நம் மக்கள் இன்னும் ஒரு வருடம் பொறுத்திருப்பார்கள். சோற்றைப் போட்டு இலையை இழுப்பதை நம் ஊரில் யாரும் மறப்பதில்லை.

மறக்கவில்லை என்பது 2017இல் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம். கையில் இருந்த நோட்டு நவம்பரில் செல்லாமல் போயிருந்தது. டிசம்பரில் முதல்வர் இறந்திருந்தார். ஜனவரி 12 அன்று, அதாவது முந்தைய தடை வந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், பொங்கலுக்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 16ஆம் தேதி அலங்காநல்லூரில் உட்கார்ந்தார்கள். 17ஆம் தேதி மெரினாவில் சேர்ந்தார்கள். கோவையில் வ.உ.சி. மைதானம் நிரம்பியது. 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் நாள் அதற்கு அடுத்த நாள். ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைப்பதற்காக மதுரைக்கே வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். "அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்றார்கள். முதல்வர் திரும்பிப் போனார். எந்தப் போட்டிக்காக ஏங்கினார்களோ அதே போட்டியைக் கடைசி நேரத்தில் ஊர்க்காரர்களே நிறுத்தினார்கள். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. 2016ஐ நினைத்துப் பார்த்தால் அதன் காரணம் புரியும். நான்கு நாள் ஆயுள் உள்ள அனுமதியை அவர்கள் ஒருமுறை நம்பிச் செலவு செய்தவர்கள். அவசர ஏற்பாட்டுக்கு வேறு விலையும் உண்டு. அதே ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டை மாவட்டம் ராப்பூசலில் நடந்த ஜல்லிக்கட்டில் இரண்டு பேர் உயிர் போயிற்று.

23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அன்று மெரினாவில் நடந்த தடியடியும் தீவைப்பும் தனிக் கதை. பிப்ரவரி 5இல் அவனியாபுரம், 9இல் பாலமேடு, 10இல் அலங்காநல்லூர் என்று வாடிவாசல்கள் திறந்தன. 2023 மே 18 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழகச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2006இல் ஒரு ரேக்ளா மனுவில் தொடங்கியது 17 வருடம் கழித்து முடிந்தது.

இப்போது வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகும் வழியில், ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரைத் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும்போது காளை வாங்க ஆள் வருகிறது. பேரம் துண்டுக்குள் விரல் பிடித்து நடக்கிறது. விலை ஏறியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு யோசனை உண்டு. தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யக் கடைசித் தேதி இருக்கிறது. டெண்டருக்கு இருக்கிறது. பரீட்சை ஃபீஸுக்கு இருக்கிறது. ஆனால் ஊர் கூடி நடத்தும் ஒரு போட்டியை நிறுத்துவதற்கு மட்டும் கடைசித் தேதி என்று ஒன்றும் இல்லை. மழை, வெள்ளம், நோய் என்று வந்தால் வேறு. அதற்கு யாரும் முன்னறிவிப்புக் கேட்க முடியாது. மனிதர் எழுதும் உத்தரவுக்குக் கேட்கலாம். இன்ன தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நிறுத்தினால் செய்த செலவை நிறுத்தியவர் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், கோப்பு மேஜையில் தூங்காது. சின்ன அலுவலகத்திலும் பெரிய அலுவலகத்திலும் அந்த ஒரு வரி வேலை செய்யும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.